எஞ்சின் எங்கே உட்கார வேண்டும்? – நம் மலைப்பாதையில் ஒரு பழைய காரின் கதை



போன வாரம் பாடசாலை விட்டு வரும்போது பூண்டுலோயா டவுனில் நாலைந்து பொடியன்கள் எங்களை மறித்தார்கள். எல்லோரும் எங்களிடம் படித்தவர்கள்தான். ஒரு பழைய மொரிஸ் மைனரை வாங்கி வைத்திருக்கிறார்கள். பழைய எஞ்சின் இறுகிப் போய்விட்டது. வானில் இருந்து கழற்றிய டீசல் எஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைத்திருக்கிறதாம். “சேர், இது இதுக்குள்ள இறங்குமா?” என்பதுதான் கேள்வி.

இறங்கும். வெல்டிங் மெஷினும் சுத்தியலும் இருந்தால் எந்த எஞ்சினும் எந்தக் காருக்குள்ளும் இறங்கும். எங்கே இறங்குகிறது, இறங்கிய பிறகு அந்தக் கார் தலவாக்கலை வீதியின் வளைவுகளில் எப்படித் திரும்பும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் எங்கள் வீட்டிலேயே ஒரு தவறு நடந்தது. அந்தக் கதையையும், அதற்குப் பின்னால் இருக்கிற பெரிய வரலாற்றையும் இன்று சொல்கிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

▪️ இந்தக் கார்கள் நம் ஊருக்கு எப்படி வந்தன?

வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் மலையகத்துக்குக் கார் வந்தது தோட்டங்களுக்காக. தோட்டத்து வீதிகள் குதிரைக்கும் மாட்டு வண்டிக்கும் போடப்பட்டவை. குறுகியவை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். அதில் ஓட ஒஸ்டின், மொரிஸ், ஹில்மன் என்று சின்னச் சின்ன ஆங்கிலேயக் கார்கள் வந்தன. அவற்றில் மக்கள் மனதில் நின்றது மொரிஸ் மைனர்.

1960களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதிக்குப் பூட்டு விழுந்தது. 1970 முதல் 1977 வரை அந்தப் பூட்டு இன்னும் இறுகியது. புதிய கார் வராததால் இருந்த கார்களை வைத்தே காலத்தை ஓட்ட வேண்டியதாயிற்று. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. ஊரை விட்டுப் போன துரைமார் பலர் தங்கள் கார்களை இங்கேயே விற்றுவிட்டுப் போனார்கள். எங்கள் வாப்பா தன் கடைக்கென்று வாங்கிய மொரிஸ் மைனரும் அப்படிக் கை மாறியதுதான். 948 சிசி எஞ்சின். சாம்பல் நிறம். கதவைச் சாத்தினால் பெட்டகத்தைச் சாத்தின மாதிரிச் சத்தம் கேட்கும்.

▪️ அதை வடிவமைத்தவர் யார்?

அலெக் இஸிகோனிஸ். 1906இல் உஸ்மானியப் பேரரசின் இஸ்மிர் நகரில் பிறந்தவர். 1922இல் அங்கு நடந்த போரின் முடிவில் குடும்பத்தோடு அகதியாக வெளியேறி, இங்கிலாந்து போய்ப் படித்தவர். கணிதப் பாடம் அவருக்கு ஆகாது. பரீட்சையில் கோட்டை விட்டவர். (பிள்ளைகளே, இதைச் சாட்டாக எடுக்க வேண்டாம். அவருடைய கை வரைதலில் ஊறிப் போயிருந்தது.)

1930களில் ஜோர்ஜ் டவ்சன் என்ற நண்பரோடு சேர்ந்து, கையாலேயே ஒரு சின்னப் பந்தயக் காரைக் கட்டினார். ஒஸ்டின் செவன் காரின் எஞ்சினை எடுத்து, பிளைவூட்டும் அலுமினியமும் கொண்டு தாங்களே செய்த உடலுக்குள் வைத்தார்கள். மலையேற்றப் போட்டிகளில் அதை ஓட்டினார்கள். ஒரு காரின் எஞ்சினை இன்னொரு உடலுக்குள் எங்கே வைப்பது என்ற கேள்வியோடுதான் அந்த மனிதரின் தொழிலே தொடங்கியது என்று சொல்லலாம்.

1948 ஒக்டோபரில் லண்டன் கண்காட்சியில் மொரிஸ் மைனர் வெளிவந்தது. அதை முதன்முதலில் பார்த்த கம்பனி உரிமையாளர் நஃபீல்ட் பிரபுவுக்குப் பிடிக்கவில்லை. அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தாராம். அந்த முட்டைதான் ஒரு மில்லியன் எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார். மொத்தத்தில் 16 லட்சம் அளவில் விற்றது.

இனித்தான் முக்கியமான விஷயம். இஸிகோனிஸ் அந்தக் காரைத் தட்டையான நாலு சிலிண்டர் எஞ்சினுக்காக வரைந்தார். சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருக்கும். அகலம் கூடியது, உயரம் குறைந்தது, நீளமும் குறைந்தது. அதனால்தான் மைனரின் பொனட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் அவ்வளவு வெறும் இடம் தெரிகிறது. செலவு காரணமாக அந்த எஞ்சின் கைவிடப்பட்டது. பழைய மொரிஸ் எய்ட் காரின் 918 சிசி எஞ்சினை அதற்குள் வைத்தார்கள். பிறகு 1952இல் ஒஸ்டினின் 803 சிசி, 1956இல் 948, 1962இல் 1098. யோசித்துப் பாருங்கள்: மொரிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போதே எஞ்சின் மாற்றிய கார்தான்!

அவர் எஞ்சினை நன்றாக முன்னுக்குத் தள்ளி வைத்தார். உள்ளே நாலு பேர் வசதியாக உட்காரவும், வேகத்தில் கார் நேர்கோட்டில் ஆடாமல் போகவும் அது உதவியது. ஆனால் அந்த எஞ்சின் சின்னது, நிறை குறைந்தது. அதற்கேற்ற சஸ்பென்ஷன், அதற்கேற்ற பிரேக், இலேசான ரேக்-அண்ட்-பினியன் ஸ்டியரிங், நாலு மூலையிலும் சில்லுகள் என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டார். அந்தக் கணக்கில் ஒரு எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் மாறும்.

▪️ எங்கள் வீட்டில் நடந்தது

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டது. ஜப்பான் வாகனங்களும் பாவித்த எஞ்சின்களும் வந்து குவிந்தன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் இல்லாத பாகமே இல்லை என்ற நிலை. டீசல் விலை பெற்றோலை விடக் குறைவு. கடைக்காரர்களுக்கு அது பெரிய லாபம். வாப்பாவும் ஆசைப்பட்டார். வேறு ஊரில் இருந்த ஒரு கராஜில் மைனருக்கு டீசல் எஞ்சின் போட்டார்கள். அந்தக் கராஜின் பெயர் நமக்கு வேண்டாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததைத்தான் செய்தார்கள்.

எஞ்சின் நீளம் கூட. பின்னால் தள்ள முடியவில்லை. ஏனென்றால் மைனரின் ஸ்டியரிங் ரேக், எஞ்சினுக்குப் பின்னால் தடுப்புத் தகட்டோடு குறுக்காகக் கிடக்கிறது. எனவே ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளி, எஞ்சினையும் முன்னுக்கே வைத்தார்கள். சம்ப் கீழே முட்டியதால் மேலேயும் தூக்கினார்கள். பொனட் மூடவில்லை என்று அதையும் தட்டி உயர்த்தினார்கள்.

ஏற்றத்தில் கார் பிரமாதமாக இழுத்தது. வாப்பா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு மழை நாள், தலவாக்கலையில் இருந்து சாமான் ஏற்றாமல் வெறும் காரோடு திரும்பி வந்துகொண்டிருந்தோம். முன்னால் வாப்பாவும் மாமாவும். பின்னால் நாங்கள் பிள்ளைகள் இருவர். மூடுபனி. இறக்கத்தில் ஒரு இடப்பக்க வளைவு. வாப்பா பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தார். சில்லு திரும்பியது, கார் திரும்பவில்லை. மூக்கை நேரே நீட்டிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் வழுக்கியது. வாப்பா பதறிப் போய்ப் பிரேக்கை விட்டார். முன் டயருக்குப் பிடி திரும்பிக் கிடைத்த அந்த நொடியில் கார் சட்டென்று இடப்பக்கம் பாய்ந்தது. பின்பக்கம் சுழன்று மண்மேட்டில் போய் அடித்து நின்றது. மாமாவின் முன்பல் ஒன்று போனது. எங்களுக்குச் சிராய்ப்பு மட்டும். மறுபக்கம் வழுக்கியிருந்தால் இந்தப் பதிவை எழுத நாங்கள் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

▪️ ஏன் அப்படி நடந்தது?

பத்தாம், பதினோராம் தரத்தில் விஞ்ஞானப் பாடத்தில் விசையின் திருப்பம் படிப்பிக்கிறோம். பிள்ளைகள் பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம்.

மொரிஸ் மைனரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம் 86 அங்குலம். அதாவது 218 சென்ரிமீற்றர். புதிய எஞ்சின் பழையதை விட 70 கிலோ கூட என்று வைத்துக்கொள்வோம். அந்த மேலதிகப் பாரத்தின் மையம் முன் அச்சுக்கு 10 சென்ரிமீற்றர் முன்னால் இருக்கிறது.

70 × 10 ÷ 218 = கிட்டத்தட்ட 3 கிலோ.

பின் அச்சிலிருந்து 3 கிலோ குறையும். முன் அச்சில் 73 கிலோ ஏறும். நாங்கள் 70 கிலோதான் கூட்டினோம். முன் சில்லுகள் சுமப்பதோ 73. சீசோவின் ஒரு நுனிக்கு வெளியே ஒருவர் தொங்கினால் மறுநுனி மேலே எழும்புவது போல.

அதே 70 கிலோவை அச்சுக்கு 20 சென்ரிமீற்றர் பின்னால் வைத்திருந்தால்? முன்னுக்கு 64, பின்னுக்கு 6. எஞ்சின் முழுவதுமே பின்னால் போவதால் உண்மையான லாபம் இதைவிடக் கூட.

9 கிலோ என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். நேர் வீதியில் ஒன்றுமில்லை. மழையில், இறக்கத்தில், வளைவில் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேருகின்றன.

முதலாவது, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாயும். ஏற்கெனவே கனத்த மூக்கு இன்னும் கனக்கும். முன் டயருக்கு உள்ள பிடிமானம் ஒரு அளவுதான். அதே டயர் நிறுத்தவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். இரண்டுக்கும் போதாமல் போனால் கார் நேரே போகும்.

இரண்டாவது, பின் சில்லுகளில் பாரமே இருக்காது. அவை இலேசில் பூட்டிக்கொண்டு வழுக்கும். சாமான் இல்லாத நாளில் இது இன்னும் மோசம். எங்களுக்கு நடந்தது வெறும் காரோடு வந்த நாளில் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, உயரம். எஞ்சினைத் தூக்கி வைத்ததால் புவியீர்ப்பு மையம் மேலேறியது. வளைவில் பாரம் ஒரு பக்கத்துச் சில்லில் குவிந்தது.

இதற்கு மேல் பிரேக். 948 மைனருக்கு முன்னால் இருந்தது 7 அங்குல டிரம். எஞ்சினை 1098 ஆக்கியபோது கம்பனியே அதை 8 அங்குலமாக்கியது. 150 சிசி கூட்டியதற்கே கம்பனி பிரேக்கை மாற்றியது. நாங்கள் எவ்வளவோ கூட்டிவிட்டு 7 அங்குலத்தோடு இறக்கத்தில் வந்தோம்.

▪️ பிட்டர் ஐயா

காரை இழுத்து வந்து வீட்டு முன்னால் போட்டாயிற்று. விற்றுவிடலாம் என்று உம்மா அழுதார். அப்போதுதான் ஒருவர் வந்து பார்த்தார். பக்கத்துத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் பிட்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய கராஜ் எதுவும் அவரிடம் இல்லை. ஆனால் பழைய தொழிற்சாலைகளில் ஒரே எஞ்சினில் இருந்து நீண்ட சாஃப்டும் பெல்ட்டும் போட்டு எல்லா ரோலர்களையும் சுற்ற வைப்பார்கள். ஒரு சாஃப்ட் நூலளவு விலகினாலும் முழுத் தொழிற்சாலையும் அதிரும். அந்தப் படிப்பு அவருடையது.

பொனட்டைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது.

“மொதலாளி, நம்ம பொம்பளைங்க கொழுந்துக் கூடைய முதுகோட ஒட்டித்தானே போடுறாங்க? அதே கூடைய கழுத்துல மாட்டி முன்னால தொங்கவுட்டா இந்த மலையில எறங்க முடியுமா? ஒங்க காரு அப்புடித்தான் எறங்குது.”

நாங்கள் இன்றுவரை வகுப்பில் புவியீர்ப்பு மையம் படிப்பிக்கும்போது சொல்வது இந்த உதாரணத்தைத்தான். புத்தகத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. காலமெல்லாம் அந்தக் கூடையைச் சுமந்த பெண்களின் பிள்ளைகள்தானே எங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பதும்.

அவர் டீசல் எஞ்சினைக் கழற்றச் சொன்னார். அதை விற்ற காசில் டட்சன் 1200இன் பெற்றோல் எஞ்சினும் கியர்பொக்ஸும் வாங்கப்பட்டன. அந்த எஞ்சின் அளவிலும் நிறையிலும் மைனரின் பழைய எஞ்சினுக்கு நெருங்கியது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்கூட மைனர்காரர்கள் இதைத்தான் தேடிப் போட்டார்கள் என்பது எங்களுக்குப் பிறகு தெரிய வந்தது.

அவர் செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறோம்:

🔹 ஸ்டியரிங் ரேக் விடுகிற அளவுக்கு எஞ்சினைப் பின்னால் தள்ளினார். மூன்று விரல் அகலம்தான் கிடைத்தது. தடுப்புத் தகட்டை வெட்டச் சொன்னபோது மறுத்துவிட்டார். மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலே சேசிஸ். அந்தத் தகட்டை வெட்டினால் முதுகெலும்பை வெட்டின மாதிரி.

🔹 சம்ப் தரையில் உரசாத அளவுக்கு எஞ்சினைத் தாழ்த்தினார். பொனட் பழைய இடத்துக்கு வந்தது.

🔹 கியர்பொக்ஸின் வெளிச் சாஃப்டும் பின் அச்சின் பினியனும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கிறதா என்று மட்டம் வைத்து மூன்று தரம் பார்த்தார். எஞ்சினை இஷ்டத்துக்குச் சாய்த்து வைத்தால் புரொப்பெலர் சாஃப்ட் அதிரும், யூனிவர்சல் ஜொயின்ட் சீக்கிரம் தேயும். சாஃப்டை லேத்தில் கொடுத்துக் குறுக்கி, சமநிலையும் பார்த்து எடுத்தார்.

🔹 எஞ்சின் பின்னால் போனதால் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் இடைவெளி கூடியது. மெதுவாக மலை ஏறும்போது காற்று போதாது. தகட்டில் ஒரு கூடு அடித்து ஃபேனைச் சுற்றி மாட்டினார்.

🔹 முன்பக்கப் பாரம் மாறியதால் டோர்ஷன் பாரைக் கழற்றி, பல் மாற்றிப் பூட்டிக் காரின் உயரத்தைச் சரி செய்தார்.

🔹 முன்னுக்கு 1098இன் 8 அங்குல பிரேக்.

🔹 கடைசியாக, பற்றரியை எடுத்து டிக்கிக்குள் வைத்தார்.

கடைசி வேலை எங்களுக்கு அப்போது விளையாட்டாகத் தெரிந்தது. பெரியவர்களான பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 100 கிலோ எஞ்சினை 20 சென்ரிமீற்றர் பின்னுக்கு நகர்த்தினால் முன் அச்சில் குறைவது 9 கிலோ. 12 கிலோ பற்றரியைத் தடுப்புத் தகட்டுத் தட்டிலிருந்து டிக்கிக்குக் கொண்டு போனால் அது நகரும் தூரம் இரண்டு மீற்றருக்கு மேல். முன் அச்சில் குறைவது ஏறக்குறைய 12 கிலோ! முதலாவது வேலைக்கு இரண்டு கிழமை போகும். இரண்டாவதுக்கு ஒரு பின்னேரம் போதும். தடித்த வயர் போட்டு, இறுக்கிக் கட்டி, அசிட் வாயு வெளியேற வழி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. பாரத்தை இரண்டு நுனிகளிலும் வைத்தால் கார் திரும்பத் தொடங்கவும் பஞ்சிப்படும், சுழலத் தொடங்கினால் நிற்கவும் பஞ்சிப்படும். சடத்துவத் திருப்பம் என்று உயர்தரத்தில் படிப்பது இதுதான். காவுதடியின் இரண்டு நுனியிலும் குடம் தொங்கவிட்டுக்கொண்டு திடீரென்று திரும்பிப் பாருங்கள், புரியும். ஆகவே பாரத்தை நடுவுக்குக் கொண்டு வருவதே முதல் வழி. அது முடியாத இடத்தில்தான் பற்றரி வேலை.

அந்த மைனர் அதற்குப் பிறகு பல வருடம் எங்கள் கடைக்குச் சாமான் இழுத்தது. அதே வளைவில் வாப்பா ஒவ்வொரு தரமும் பிஸ்மி சொல்லி கியரைக் குறைப்பார். ஆனால் கார் சொன்ன சொல் கேட்டது.

▪️ பெரிய கம்பனிகளும் இதே பாடத்தைத்தான் படித்தன

நம் தோட்டங்களில் ஓடிய லேண்ட் ரோவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் 1948இல் வந்தது. 1950களின் நடுப்பகுதியில் அதற்கு டீசல் எஞ்சின் கொடுக்க விரும்பினார்கள். எஞ்சின் நீளம் கூட. கம்பனி என்ன செய்தது? அச்சுகளுக்கிடையிலான தூரத்தையே இரண்டு அங்குலம் கூட்டியது. 86 அங்குலம் 88 ஆனது, 107 அங்குலம் 109 ஆனது. அந்த இரண்டு அங்குலமும் எஞ்சினுக்காக விட்ட இடம். இன்றும் பழைய லேண்ட் ரோவரை 88, 109 என்று அழைப்பதன் கதை இதுதான். தொழிற்சாலை இரண்டு அங்குலம் கொடுத்தது. நாங்கள் ரேடியேட்டரைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டோம்.

இந்தியாவின் டார்ஜிலிங்கில், மானேபஞ்சாங்கில் இருந்து சந்தக்பூ வரை ஏறும் கல் பாதையில் தேயிலைத் துரைமார் விட்டுப்போன லேண்ட் ரோவர்கள் இன்னும் ஓடுகின்றன. பலவற்றில் இப்போது இருப்பது மஹிந்திரா எஞ்சின். நம்மைப் போலவே தேயிலை நாட்டு மக்கள், நம்மைப் போலவே பழையதை விடாதவர்கள்.

1964இல் ஆங்கிலேயச் சன்பீம் காருக்குள் அமெரிக்க ஃபோர்ட் V8 எஞ்சினை வைத்து டைகர் என்று விற்றார்கள். 4.2 லீற்றர். மூக்குப் பாரத்தைத் தவிர்க்க எஞ்சினை நன்றாகப் பின்னால் தள்ளினார்கள். ஸ்டியரிங்கையே வேறு வகைக்கு மாற்ற வேண்டி வந்தது. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற, காருக்குள் உட்கார்ந்து தடுப்புத் தகட்டில் உள்ள ஓட்டை வழியே கையை விட வேண்டும்! எஞ்சினைப் பின்னால் தள்ளுவதற்கும் ஒரு விலை உண்டு.

பந்தய உலகில் இந்தக் கேள்வி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 1946இல் இங்கிலாந்தின் கூப்பர் குடும்பம் மோட்டார் சைக்கிள் எஞ்சினை எடுத்து ஒரு சின்னக் காரில் சாரதிக்குப் பின்னால் வைத்தது. செயின் போட வசதி என்பதுதான் காரணம். ஆனால் கார் வளைவில் திரும்பிய விதம் எல்லோரையும் வியக்க வைத்தது. 1958இல் ஆர்ஜென்டீனாவில் ஸ்டேர்லிங் மொஸ் பின் எஞ்சின் கூப்பரில் வென்றார். 1959, 1960 இரண்டு வருடமும் ஜாக் பிரபாம் கூப்பரில் உலகச் சாம்பியன். அதற்குப் பிறகு முன்னால் எஞ்சின் வைத்த கார்கள் அந்தப் பந்தயத்திலிருந்து மறைந்தே போயின.

நம் இஸிகோனிஸும் சும்மா இருக்கவில்லை. 1959இல் மினி காரில் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பிப் போட்டார். முதலில் கார்பரேட்டர் முன்பக்கம் பார்க்க வைத்தார்கள். குளிரில் அது பனி பிடித்தது. எஞ்சினை அப்படியே மறுபக்கம் திருப்பினார்கள். கார்பரேட்டர் உள்ளே போனது. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரிலுக்கு நேரே வந்துவிட்டது. மழை பெய்தால் நனைந்து எஞ்சின் நின்றுவிடும். மழைநாட்டில் மினி வைத்திருந்தவர்கள் அதற்கு ரப்பர் கையுறை மாட்டி ஓட்டிய கதை இதனால்தான் வந்தது. எஞ்சினின் இடத்தை மாற்றினால் ஒன்று கிடைக்கும், ஒன்று போகும்.

▪️ நமக்கு அருகில்

நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்து வீதியில் ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஏற்றுவார்கள். ஏப்ரல் வசந்தகாலம் வந்தால் அந்தச் சத்தம் கேட்காமல் நுவரெலியா இல்லை. ரதல்லையிலும் அப்படியொரு போட்டி உண்டு. அங்கே போனால் பொனட் திறந்து கிடக்கும் பழைய கார்களைப் பாருங்கள். எஞ்சின் எவ்வளவு தாழ்ந்து, எவ்வளவு உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது, பற்றரி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். டிக்கட் வாங்காமலே ஒரு விஞ்ஞான வகுப்பு.

இன்னொரு பெருமையும் நமக்கு உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர் தனபால சமரசேகர என்ற இலங்கையரோடு சேர்ந்து, 1990களில் மைனரின் பாகங்களை இங்கே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். காரைக் கண்டுபிடித்த நாட்டுக்கே நம் நாட்டுக் கைகள் பாகம் செய்து கொடுத்தன.

▪️ ஏன் இதை இப்போது சொல்கிறோம்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த பிறகும் விலை நம் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில். 2022இல் எரிபொருள் வரிசையில் நாள்கணக்கில் நின்றதையும் யாரும் மறக்கவில்லை. எனவே பழைய கார்கள் மறுபடி வெளியே வருகின்றன, எஞ்சின் மாறுகின்றன. எங்கள் வாப்பா காலத்துக் கதை திரும்புகிறது.

பாதையோ அதே பாதைதான். 2023 ஜனவரியில் ரதல்லையிலும், 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லையிலும் நடந்த விபத்துகளில் எத்தனை வீடுகள் இருண்டன என்று நமக்குத் தெரியும். அவற்றுக்கும் எஞ்சின் மாற்றத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் நம் மலை இறக்கம் ஒரு சின்னப் பிழையையும் மன்னிக்காது என்பதற்கு அவை சாட்சி.

ஆகவே அந்தப் பொடியன்களுக்கு நாங்கள் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறோம்:

✅ கழற்றிய எஞ்சினையும் போடப்போகும் எஞ்சினையும் கியர்பொக்ஸோடு தராசில் நிறுங்கள். கொழுந்து நிறுக்கிற தராசே போதும். வித்தியாசம் பெரிதென்றால் அந்த எஞ்சின் வேண்டாம்.

✅ எஞ்சினைப் பின்னால், கீழே, நடுவில் வைக்கப் பாருங்கள். தடுப்புத் தகட்டையும் குறுக்குச் சட்டத்தையும் வெட்டச் சொல்லும் கராஜில் இருந்து காரை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

✅ எஞ்சினுக்குச் செலவழிக்கும் முன் பிரேக்குக்குச் செலவழியுங்கள்.

✅ முதல் ஓட்டம் நேர் வீதியில், பகலில், மழையில்லாத நாளில். பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

✅ எஞ்சின் மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து, புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்றுங்கள். காப்புறுதிக்கும் அறிவியுங்கள். விபத்து நடந்த பிறகு அறிவிப்பதில் பிரயோசனம் இல்லை.

பொடியன்கள் டீசல் எஞ்சினை நிறுத்துப் பார்த்துவிட்டு நேற்றுப் பின்னேரம் வந்தார்கள். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. “சேர், பழசை விட நல்லாவே கூட. குடுத்தவர்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டோம். டட்சன் எஞ்சின் எங்க கிடைக்கும்?” என்று கேட்டார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிட்டர் ஐயா இப்போது இல்லை. அவருடைய மட்டப்பலகை எங்கள் வீட்டில் இருக்கிறது. வாப்பா மௌத்தாகும்வரை அதை யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் வேலை தொடங்கும் அன்று, இன்ஷா அல்லாஹ், அதை நாங்களே எடுத்துக்கொண்டு போவோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய கார் இருந்திருக்கும், அதைக் கட்டிக் காத்த ஒரு பாஸ் இருந்திருப்பார். ஷீன், டன்சினன் பக்கத்துப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் நம் ஊரின் வரலாறுதான்.